ஃபேமிலி ரயில்கார்டு வாங்கலாமா? முதல்ல தலைய எண்ணுங்க

ஒருத்தங்க எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கோம், நான், வீட்டுக்காரர், 9 வயசு பொண்ணு, 4 வயசு பையன். ஜூலை கடைசில திருச்சிலேருந்து மாமனாரும் மாமியாரும் வர்றாங்க, அவருக்கு 66, அவங்களுக்கு 61, ரெண்டு மாசம் இருப்பாங்க. எடின்பரோ ஒரு தடவ, பர்மிங்காம் பக்கத்துல இருக்கிற பாலாஜி கோயில் ஒரு தடவ, பிரைட்டன் ஒரு நாள், இவ்ளோதான் பிளான். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு (பசங்களோட போறப்ப ரயில் டிக்கெட்ல தள்ளுபடி குடுக்கிற அட்டை) வாங்குனா லாபமா, பெரியவங்களுக்கு சீனியர் ரயில்கார்டு தனியா எடுக்கணுமா, எடுத்தா ஒரு வருஷமா மூணு வருஷமா?

பதில முதல்லயே சொல்லிடுறேன், வாங்குங்க, ஒரே ஒரு ஃபேமிலி கார்டு ஆறு பேருக்கும் போதும், சீனியர் கார்டு வேணாம். ஆனா "எல்லாரும் வாங்குறாங்க நாங்களும் வாங்குனோம்"னு வாங்கி டிராயர்ல போட்டு வச்சிருக்கிற குடும்பங்களும் நெறைய பாத்திருக்கேன், அதனால எப்படி முடிவு பண்றதுன்னு கொஞ்சம் விரிவா எழுதுறேன், உங்களுக்கு இல்லன்னாலும் இதே குழப்பத்துல இருக்கிற வேற யாருக்காவது ஆகும்.

கார்டோட விலை 35 பவுண்டு. 2025 மார்ச்சுல ஏத்துனாங்க, அதுக்கு முன்னாடி 30. மூணு வருஷ கார்டு 80. பெரியவங்க டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு தள்ளுபடி, 5லேருந்து 15 வயசு வரைக்கும் பசங்க டிக்கெட்ல 60 சதவீதம் தள்ளுபடி. ஒரு கார்டுல அதிகபட்சம் நாலு பெரியவங்க, நாலு பசங்க. சொந்தக்காரங்களா இருக்கணும்னு கூட இல்ல, பக்கத்து வீட்டுப் பையனக் கூட்டிட்டுப் போனாலும் செல்லும். ஆனா ரெண்டு கண்டிஷன் இருக்கு: கார்டுல பேர் இருக்கிற ஆள் கூட வரணும், 5லேருந்து 15க்குள்ள ஒரு குழந்தையாவது முழுப் பயணமும் கூட வரணும்.

இந்த ரெண்டாவது கண்டிஷன்தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். பேரு நம்ம பேர்ல இருந்தாலும் நெஜத்துல இது குழந்தையோட கார்டு. பொண்ணு வரலன்னா அந்தக் கார்டுக்கு மதிப்பே கிடையாது. இத நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி லெஸ்டர்ல மச்சினி வீட்டு கிரகப்பிரவேசம், நாங்க ரெண்டு பேரும் பொண்ணுமா டிக்கெட் போட்டாச்சு, அன்னைக்குக் காலைல பொண்ணுக்கு நல்ல காய்ச்சல், எங்கம்மா அப்ப இங்கதான் இருந்தாங்க, "நீங்க போய்ட்டு வாங்க நான் பாத்துக்கறேன்"னாங்க, சரின்னு கெளம்பிட்டோம். ரயில்ல டிக்கெட் பாக்க வந்தவரு ஃபோன வாங்கிப் பாத்தாரு, கார்டப் பாத்தாரு, எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு, அப்புறம் மெதுவா "குழந்தை எங்க?"ன்னு கேட்டாரு. டாய்லெட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லத் தோணுச்சு, பக்கத்துல பட்டுப்புடவையில உக்காந்திருந்த வீட்டம்மா என்னைப் பாத்த பார்வையில உண்மையச் சொல்லிட்டேன். குழந்தை டிக்கெட் கைல இருந்தாலும் குழந்தை இல்லன்னா தள்ளுபடி டிக்கெட் செல்லாது, ரெண்டு பேருக்கும் புதுசா முழு டிக்கெட் எடுக்க வேண்டியதாப் போச்சு. அவர் மேல தப்பு இல்ல, ரூல் அது.

அதனால நீங்க எண்ண வேண்டியது "வருஷத்துக்கு எத்தனை தடவ ரயில்ல போறோம்"ங்கறது இல்ல, "குழந்தையோட எத்தனை தடவ போறோம், அப்ப எத்தனை தலை"ங்கறதுதான்.

கணக்கு ரொம்ப ஈஸி. இங்க பசங்களுக்கு ஏற்கனவே அரை டிக்கெட். அந்த அரையில 60 சதவீதம் போச்சுன்னா முழு டிக்கெட் மதிப்புல 30 சதவீதம் மிச்சம். பெரியவங்களுக்கு 33 சதவீதம் மிச்சம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதாவது பெருசோ சின்னதோ, ஒரு தலைக்கு பெரியவங்க டிக்கெட்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு மிச்சம்னு வச்சுக்கோங்க. கார்டு விலை 35, அத மூணால பெருக்குனா 105. ஆக, ஒரு வருஷத்துல குழந்தையோட போற பயணங்கள மட்டும் எடுத்துக்கிட்டு, தலை எண்ணிக்கைய பெரியவங்க டிக்கெட் விலையால பெருக்கிக் கூட்டிப் பாருங்க, 110 பவுண்டுக்கு மேல வந்தா வாங்குங்க, வரலன்னா விட்டுடுங்க. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல இந்த 110 மட்டும்தான் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கேன்.

சாதாரண வருஷத்துல உங்க வீட்டுக்கு இது எப்படி வரும்னு பாப்போம். நீங்க ரெண்டு பேரு, பொண்ணு ஒண்ணு, மூணு தலை, பையன் 5 ஆகல அதனால ஃப்ரீ. பிரைட்டன் மாதிரி ஒரு நாள் ட்ரிப், பெரியவங்க போக வர டிக்கெட் 20 பவுண்டுன்னு வச்சுக்குவோம் (விலை நாளுக்கு நாள் மாறும், கணக்குக்காகச் சொல்றேன்). கார்டு இல்லாம 20 பிளஸ் 20 பிளஸ் 10, மொத்தம் 50. கார்டோட 13.35, 13.35, பொண்ணுக்கு 4, சுமார் 31. ஒரு ட்ரிப்புக்கே 19 பவுண்டு மிச்சம், ரெண்டாவது ட்ரிப்ல கார்டு காசு வந்துருச்சு. வருஷத்துக்கு இந்த மாதிரி ரெண்டு தடவ கூடப் போகாத குடும்பம்னா வேணாம், அவ்ளோதான்.

இப்ப மாமனார் மாமியார் வந்தா கணக்கே வேற. எடின்பரோக்கு ஒரு வழி அட்வான்ஸ் டிக்கெட் (ஒரு குறிப்பிட்ட ரயிலுக்குன்னு முன்கூட்டியே எடுக்கிற டிக்கெட்) 60 பவுண்டுன்னு வைங்க. நாலு பெரியவங்க 240, பொண்ணு 30, மொத்தம் 270, போக வர 540. கார்டோட நாலு பேருக்கு 160, பொண்ணுக்கு 12, மொத்தம் 172, போக வர 344. வித்தியாசம் 196 பவுண்டு. 35 போட்டு 196 எடுக்கறதுக்கு யோசிக்கவே வேணாம், கோயிலும் பிரைட்டனும் அதுக்கு மேல போனஸ்.

எங்கப்பா மொத தடவ வந்தப்ப இந்தக் கார்டு வெலையக் கேட்டுட்டு உடனே மனசுக்குள்ள ரூபாயாக்கி "ஒரு அட்டைக்கு நாலாயிரமா, அதுல மதுரைக்கு எத்தனை தடவ போய்ட்டு வரலாம்"னு ஆரம்பிச்சுட்டாரு, அப்புறம் ஊர்ல சீனியர் சிட்டிசன் கன்செஷன 2020 மார்ச்சுல நிறுத்துனவங்க திரும்பக் குடுக்கவே இல்லன்னு அந்தப் பக்கம் பேச்சு திரும்பிருச்சு. ஆம்பளைங்களுக்கு 60க்கு மேல 40 சதவீதம், பொம்பளைங்களுக்கு 58க்கு மேல 50 சதவீதம், கார்டும் வேணாம் கட்டணமும் வேணாம், சும்மா வயசு போட்டா போதும்னு இருந்த சலுகை அது. உங்க மாமனாரும் அதத்தான் சொல்லுவாரு பாருங்க. கணக்கப் பேப்பர்ல போட்டு எவ்ளோ மிச்சம்னு கண்ல காட்டுனதும் எங்கப்பா அமைதியாயிட்டாரு.

சரி, சீனியர் கார்டுக்கு வருவோம். 60 வயசு ஆனவங்க யாரும் வாங்கலாம், இங்க குடியிருக்கணும்னு இல்ல, வயசுக்குப் பாஸ்போர்ட் காட்டுனா போதும். ஆளுக்கு 35, ரெண்டு பேருக்கு 70. தள்ளுபடி அதே மூணுல ஒரு பங்குதான். நீங்க எல்லாரும் சேந்து போறப்ப ஃபேமிலி கார்டே அவங்களுக்கும் அதே தள்ளுபடியக் குடுத்துடுது, ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு கார்டு தள்ளுபடி சேத்து வாங்க முடியாது, அப்புறம் எதுக்கு அந்த 70? அவங்க ரெண்டு பேரு மட்டும் தனியா லீட்ஸ்ல இருக்கிற உறவுக்காரங்க வீட்டுக்குப் போறாங்கன்னா அப்ப யோசிக்கலாம். அப்பக் கூட சீனியர் கார்டு ரெண்டு வேணாம், டூ டுகெதர்னு ஒரு கார்டு இருக்கு, பேரும் ஃபோட்டோவும் போட்ட ரெண்டு பேரு எப்பவும் சேந்தே போகணும், வாரநாள்ல காலைல 9.30க்கு அப்புறம்தான் செல்லும், 35 பவுண்டுல ரெண்டு பேருக்கும் முடிஞ்சிடும். அதுக்கும் அதே 105 கணக்குதான், ரெண்டு பேரோட டிக்கெட்டும் சேத்து அத விட அதிகமா வந்தா மட்டும் வாங்குங்க. ரெண்டு மாச விசிட்ல பெரும்பாலும் வராது. வருஷா வருஷம் வந்து ஆறு மாசம் தங்கி, மகள் வீடு மகன் வீடுன்னு தனித்தனியாப் போய் வர்ற பெரியவங்களுக்குத்தான் சீனியர் கார்டு.

கார்டுல ரெண்டு பேரோட பேர் போடலாம், ஃபோட்டோ தேவையில்ல. எல்லாரும் புருஷன் பொண்டாட்டி பேரக் கண்ண மூடிட்டுப் போட்டுடுவாங்க. கொஞ்சம் நில்லுங்க. உங்க வீட்டுல ஆகஸ்ட்ல பொண்ண யாரு கூட்டிட்டுப் போவா? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போய்ட்டு, தாத்தா பாட்டிதான் பேத்தியக் கூட்டிட்டு ஊர் சுத்தப் போறாங்கன்னா, கார்டுல பேர் இருக்கிற ஆள் யாரும் கூட இல்ல, தள்ளுபடி கிடையாது. அந்த மாதிரி பிளான் இருந்தா உங்க பேரு ஒண்ணு, மாமியார் பேரு ஒண்ணுன்னு போடறதுதான் புத்திசாலித்தனம். உங்க வீட்டுக்காரருக்கு மனசு கஷ்டமா இருந்தா நீங்க கூட வர்ற வரைக்கும் அவருக்கும் தள்ளுபடி உண்டுன்னு சொல்லி சமாதானம் பண்ணிக்கோங்க.

இப்ப பையன் விஷயம். 5 வயசு ஆகாத பசங்களுக்கு ரயில்ல டிக்கெட்டே வேணாம். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா டிக்கெட் இல்லன்னா சீட்டும் இல்ல, காசு குடுத்தவங்க நின்னா நாமதான் குழந்தைய மடியில தூக்கி வச்சுக்கணும். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்லேருந்து எடின்பரோ சுமார் நாலரை மணி நேரம். நாலு வயசுப் பையன நாலரை மணி நேரம் மடியில வச்சுப் பாருங்க, நியூகாசில் வர்றதுக்குள்ள கால் மரத்துப்போய், அவன் ஷூ பக்கத்து சீட்டுக்காரரோட பேன்ட்ல தடம் போட்டு, நாம சாரி சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சிரும். கார்டு தள்ளுபடியில அவனுக்கும் ஒரு குழந்தை டிக்கெட் 12 பவுண்டுக்கு எடுத்தா ரிசர்வ் பண்ண சீட் கெடைக்கும். நான் சொல்றேன், எடின்பரோக்கு மட்டும் எடுத்துடுங்க. போக வர 24 போனாலும் 172 பவுண்டு மிச்சம்தான். டேபிள் போட்ட சீட் நாலு, அதுக்குப் பக்கத்து வரிசைல ரெண்டுன்னு பிடிச்சிட்டா புளியோதரை டப்பாவத் திறக்க இடம் இருக்கும். பிரைட்டனுக்கு ஒரு மணி நேரம்தான், அதுக்கு மடியே போதும்.

இதுலயே இன்னொரு சூட்சுமம் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. 5 வயசு ஆகாத குழந்தை மட்டும்தான் கூட வருதுன்னா சும்மா கூட்டிட்டுப் போனா கார்டு வேலை செய்யாது, ஆனா ஃப்ரீயாப் போக வேண்டிய அந்தக் குழந்தைக்கு வேணும்னே ஒரு குழந்தை டிக்கெட் எடுத்தா பெரியவங்களுக்குத் தள்ளுபடி கெடைக்கும். பொண்ணு ஸ்கூல் ட்ரிப் போயிட்டா, நீங்க ரெண்டு பேரும் பையனும் மட்டும் போறீங்கன்னு வைங்க. 60 பவுண்டு டிக்கெட், ரெண்டு பேருக்கு 120. பையனுக்கும் டிக்கெட் எடுத்தா 40, 40, 12, மொத்தம் 92. ஃப்ரீயா வர்றவனுக்குக் காசு குடுத்து 28 பவுண்டு மிச்சம் பண்றோம். இத நண்பர் ஒருத்தருக்குச் சொன்னப்ப "நீ என்னைக் கிண்டல் பண்ற"ன்னுட்டாரு, புக்கிங் ஸ்கிரீன்ல ரெண்டு விதமாவும் போட்டுக் காட்டுன பின்னாடிதான் நம்புனாரு.

அடுத்து, எங்கெல்லாம் இந்தக் கார்டு பிரயோஜனம் இல்லைன்னும் சொல்லணும். லண்டனுக்குள்ள சுத்தறதுக்கு இத மறந்துடுங்க. ஆய்ஸ்டர் கார்டுல (லண்டன் ட்யூப், பஸ்ல காசு ஏத்தித் தட்டிட்டுப் போற கார்டு) சீனியர் ரயில்கார்ட ஏத்திக்கலாம், 16-25 வயசுக்காரங்க ரயில்கார்ட ஏத்திக்கலாம், ஃபேமிலி கார்ட ஏத்த முடியாது. ஆனா உங்க பொண்ணுக்கு 11 ஆகல, அதனால ட்யூப், பஸ் எல்லாத்துலயும் உங்க கூட வந்தா ஃப்ரீதான், அங்க தள்ளுபடிக்கு அவசியமே இல்ல. ஹாரோலேருந்து ஈஸ்ட் ஹாம் போய் தோசை சாப்ட்டு மனோர் பார்க் முருகனப் பாத்துட்டு வர்றது, ஹைகேட் முருகன் கோயில் போறது, இதெல்லாம் கணக்குல சேக்காதீங்க. பல பேரு "நாங்க வாராவாரம் ரயில்ல போறோமே"ன்னு கார்டு வாங்கி ஏமாறறது இங்கதான், போற ரயில் எல்லாம் லண்டனுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். பாரிஸ் போற யூரோஸ்டாருக்கும் செல்லாது. தனியா வேலைக்குப் போற ஆளுக்கும் பிரயோஜனம் இல்ல, குழந்தை கூட வரணுமே.

லண்டன், சவுத் ஈஸ்ட் வட்டாரத்துக்குள்ளயே ஆரம்பிச்சு அங்கயே முடியற பயணம்னா வாரநாள் காலை பீக் நேரத்துலயும் (வேலைக்குப் போறவங்க கூட்ட நேரம்) செல்லாது. பிரைட்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்ளதான். சனி ஞாயிறு, பேங்க் ஹாலிடே பிரச்சினை இல்ல. எடின்பரோ, பர்மிங்காம் இந்த வட்டாரத்துக்கு வெளிய, அதனால அந்தத் தடை இல்ல, ஆனா ஆஃப்-பீக் டிக்கெட் (கூட்டம் கம்மியான நேரத்துக்கான மலிவு டிக்கெட்) எடுத்தா அந்த டிக்கெட்டுக்குன்னு இருக்கிற நேரக் கட்டுப்பாடு தனியா இருக்கும், அதப் பாத்துக்கோங்க.

சவுத் ஈஸ்ட்டத் தாண்டவே மாட்டோம்ங்கற குடும்பத்துக்கு நெட்வொர்க் ரயில்கார்டுன்னு ஒண்ணு இருக்கு, அதே 35தான். அதுல குழந்தை கூட வரணும்ங்கற கண்டிஷன் கிடையாது, நீங்க தனியாப் போனாலும் மூணுல ஒரு பங்கு குறையும், கூட மூணு பெரியவங்க நாலு பசங்க வரைக்கும் சேத்துக்கலாம், பசங்களுக்கு அதே 60. ஆனா வாரநாள்ல 10 மணிக்கு அப்புறம்தான், அதுலயும் பெரியவங்க டிக்கெட் தள்ளுபடி போக 13 பவுண்டுக்குக் கீழ எறங்காது, வார இறுதில இந்த ரெண்டும் கிடையாது. மாமனார் மாமியார் வராத வருஷத்துல, எடின்பரோ மாதிரி தூரப் பயணம் இல்லன்னா, உங்களுக்கு இதுதான் சரியா இருக்கலாம், அடுத்த வருஷம் ரெண்டையும் வச்சுப் பாருங்க. மூணு பேரு அதுக்கு மேல பெரியவங்களா சேந்து போறீங்க, குழந்தை இல்லன்னா, பல கம்பெனி ரயில்கள்ல குரூப்சேவ்னு ஆஃப்-பீக் டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு சும்மாவே குறைப்பாங்க, கார்டே வேணாம்.

"கார்லயே போயிடலாமே"ன்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு. நாலு பேரா இருக்கறப்ப அந்த வாதம் நல்ல வாதம்தான், பிரைட்டனுக்குக் கார்ல போனா பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் சேத்தும் சில சமயம் ரயில விடக் கம்மியாவே வரும், அத மறைக்க விரும்பல. ஆனா ஆறு பேரு அஞ்சு சீட் கார்ல ஏற முடியாது, பசங்களுக்கு 12 வயசு அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வர்ற வரைக்கும் கார் சீட் சட்டப்படி வேணும், ரெண்டு கார் சீட் போட்டப்புறம் பின்னாடி நடுவுல மாமியார் எங்க உக்காருவாங்க? ஏழு சீட் வண்டி வாடகைக்கு எடுக்கறதுக்கு ரயிலே மேல். இந்த கோடைக்கு உங்களுக்கு ரயில்தான்.

பாலாஜி கோயிலுக்கு ஒரு குறிப்பு. கோயில் இருக்கறது டிவிடேல்ல, பர்மிங்காம் சிட்டிக்குள்ள இல்ல. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு அங்கேருந்து டாக்ஸி பிடிச்சா நல்ல தூரம். நியூ ஸ்ட்ரீட்லேருந்து வுல்வர்ஹாம்ப்டன் போற லைன்ல சாண்ட்வெல் அண்ட் டட்லின்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, அது வரைக்குமே டிக்கெட் போட்டுக்கோங்க, அங்கேருந்து டாக்ஸி கொஞ்ச தூரம்தான். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்லேருந்து வேகமாப் போற ரயிலும் இருக்கு, லண்டன் நார்த்வெஸ்டர்ன்னு மெதுவாப் போற ரயிலும் இருக்கு. மெதுவாப் போறது பொதுவா நல்ல மலிவு, குடும்பத்தோட போறப்ப அந்தக் கூடுதல் நேரம் பெருசாத் தெரியாது, ஆனா அந்த டிக்கெட்ட வச்சுக்கிட்டு வேகமான ரயில்ல ஏறிடாதீங்க, டிக்கெட்ல எந்தக் கம்பெனி ரயில்னு போட்டிருக்கும்.

எடின்பரோ டிக்கெட்ட மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதீங்க. அட்வான்ஸ் டிக்கெட் பொதுவா 12 வாரம் முன்னாடி திறக்கும். லூமோன்னு ஒரு கம்பெனியும் 2021லேருந்து கிங்ஸ் கிராஸ், எடின்பரோ ஓட்டுறாங்க, ரயில்கார்டு அங்கயும் செல்லும், வழக்கமா ஓடுற ரயில், இது ரெண்டையும் பாருங்க. அட்வான்ஸ் டிக்கெட் விலை படிப்படியா இருக்கும், மலிவான படியில கொஞ்சம் டிக்கெட்தான் வச்சிருப்பாங்க. நீங்க ஆறு பேருக்குன்னு ஒரே தடவையாத் தேடுனா, மலிவான படியில அஞ்சு டிக்கெட்தான் மிச்சம்னா ஆறு பேருக்கும் அடுத்த படி விலையப் போட்டுடும். அதனால மூணு மூணு பேராத் தேடிப் பாருங்க. ஆனா ஒவ்வொரு புக்கிங்லயும் ஒரு குழந்தை இருந்தாத்தான் ஃபேமிலி கார்டு தள்ளுபடி விழும், ஒண்ணுல ரெண்டு பெரியவங்க பிளஸ் பொண்ணு, இன்னொண்ணுல ரெண்டு பெரியவங்க பிளஸ் பையன். பையனுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னதுக்கு இது இன்னொரு காரணம். விலை ஒண்ணாவே வந்தா பிரிக்காதீங்க, சீட் தள்ளித் தள்ளி விழும். புக்கிங் ஃபீஸ் வாங்குற ஆப்ப விட்டுட்டு ரயில் கம்பெனியோட சொந்த வெப்சைட்லயே போடுங்க, எந்தக் கம்பெனி சைட்லயும் எல்லாக் கம்பெனி டிக்கெட்டும் கெடைக்கும், விலை அதேதான்.

இன்னொரு சின்ன தந்திரம். டிக்கெட் புக் பண்ற அன்னைக்குக் கார்டு இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆன்லைன்ல ரயில்கார்டு தள்ளுபடிய டிக் பண்ணி டிக்கெட் இப்பவே எடுத்துடலாம், பயணம் பண்ற அன்னைக்குக் கார்டு செல்லுபடியா இருந்தா போதும். அதனால மே மாசம் டிக்கெட் போடுங்க, கார்ட மொத பயணத்துக்கு முந்தின நாள் வாங்குங்க. மொத பயணம் ஆகஸ்ட் 8ன்னா கார்டு அடுத்த வருஷம் ஆகஸ்ட் மொத வாரம் வரைக்கும் ஓடும், அடுத்த வருஷ ஸ்கூல் லீவோட மொத ரெண்டு வாரமும் இதே கார்டுல வந்துரும். ஒரே 35ல ரெண்டு கோடை. ஆனா வாங்க மறந்துட்டுப் போய் ரயில்ல ஏறிடாதீங்க, காலண்டர்ல ரிமைண்டர் போட்டு வச்சுக்கோங்க.

டிஜிட்டல் கார்டா எடுத்தா ஃபோன்லயே இருக்கும், சார்ஜ் தீந்து காட்ட முடியலன்னா கார்டு இல்லாத மாதிரிதான், முழு டிக்கெட் காசு கேப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ மட்டும், அப்புறமா கார்ட நிரூபிச்சுக் குடுத்த காசத் திரும்ப வாங்கிக்க வழி இருக்கு. எல்லார் ஃபோனும் பசங்க கைல கார்ட்டூன் ஓடிட்டு இருக்கிற பயணத்துல இது கண்டிப்பா நடக்கும், அதனால கார்டு ரெண்டு ஃபோன்லயும் இருக்கட்டும், ஒரு பவர் பேங்க்கும் பைல இருக்கட்டும்.

ஒரு வருஷமா மூணு வருஷமா? மூணு வருஷம் 80, தனித்தனியா வாங்குனா 105, மிச்சம் 25. பொண்ணுக்கு 9, பையனுக்கு 4, அடுத்த பத்துப் பதினோரு வருஷம் உங்க வீட்டுல 16 ஆகாத குழந்தை இருந்துக்கிட்டே இருக்கும், அந்த விதத்துல தைரியமா மூணு வருஷம் எடுக்கலாம். ஒரே பையன், அவனுக்கு 14 ஆகுதுன்னு இருக்கிற வீட்டுக்கு நான் ஒரு வருஷம்தான் சொல்லுவேன், 16 ஆனதும் அவன் பெரியவன், அப்புறம் அவனுக்கு 16-17 சேவர்னு தனிக் கார்டு, அது பாதி விலை குறைக்கும். ஆனா உங்க விஷயத்துல என்னைத் தயங்க வைக்கிறது வேற. உங்க விசா, வேலை இதெல்லாம் மூணு வருஷத்துக்கு இங்கதான்னு உறுதியா இருக்கா? இன்னொரு ப்ராஜெக்ட்டுனு ஊருக்கோ அமெரிக்காவுக்கோ மாத்திட்டாங்கன்னா 25 பவுண்டு மிச்சம் பிடிக்கப்போய் 45 விட்ட கதையாயிடும். அது உறுதியாத் தெரியலன்னா இந்த வருஷத்துக்கு 35 போடுங்க. டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டோட கிளப்கார்டு வவுச்சர் சேத்து வச்சிருந்தா அதை மாத்தியும் ரயில்கார்டு வாங்கலாம், பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க.

பையனுக்கு எப்ப 5 ஆகுதுன்னு நீங்க எழுதல. ஊர் சுத்துற நாளுக்கு முன்னாடியே பிறந்தநாள் வந்துடுதுன்னா பிரைட்டனுக்கும் கோயிலுக்கும் அவனுக்கு டிக்கெட் கட்டாயம், மடி கணக்கு செல்லாது, புக் பண்ணும்போது அத மட்டும் ஒரு தடவ சரி பாத்துக்கோங்க.